கடற்பாசியைப் பரிசோதிப்பது யார்?

ஆர்.கே.புரம் தமிழர்களுக்குக் கடல் வெகு தொலைவில் இருக்கிறது. கடற்பாசி அவ்வளவு தொலைவில் இல்லை. நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி உறைய வைக்கும் அகராகவும், ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் காராஜீனனாகவும் அது நம் வீடுகளுக்கு வந்துவிடுகிறது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிந்து, மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்தத் தொழிலை வளர்க்கத் தலைநகரில் இப்போது பணத்துக்குக் குறைவில்லை. 2020இல் அறிவிக்கப்பட்ட 20,050 கோடி ரூபாய் மீன்வளத் திட்டத்தில் கடற்பாசிக்கு மட்டும் 640 கோடி ஒதுக்கப்பட்டது. 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழகத்துக்குக் கடற்பாசிப் பூங்கா ஒன்றும் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்கவையே. ஆனால் எத்தனை டன் விளையும் என்று கேட்கும் கோப்புகள், அந்தப் பாசிக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் அதே அக்கறையுடன் கேட்க வேண்டும்.

பாசிக்கு நிலத்துச் செடியைப் போல உணவை உறிஞ்சும் வேர் கிடையாது. உடல் முழுவதாலும் கடல்நீரிலிருந்தே உணவைப் பெறுகிறது. நீரில் கரைந்துள்ள காட்மியம், காரீயம், தாமிரம், துத்தநாகம் ஆகியவையும் அவ்வழியே உள்ளே செல்கின்றன. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட் இவ்வுலோகங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் உலோகம், பாசியில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு செறிந்துவிடக்கூடும். ஒரு நாள் எடுத்த நீர் மாதிரி அன்றைய அலையின் நிலையை மட்டுமே சொல்லும். பாசியோ பல வாரங்களின் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கும். அதனால்தான் ஐரோப்பியக் கரைகளில் விஞ்ஞானிகள் பாசியையே மாசு காட்டும் கருவியாகப் பயன்படுத்தி வருகின்றனர். யமுனையில் மிதக்கும் நுரை தில்லிவாசிகளின் கண்ணுக்குத் தெரிகிறது. கடலில் கரைந்த காட்மியம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் தென்கோடி அது. அங்கே 1979 முதல் நிலக்கரியை எரித்து வந்த அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் உலோகங்கள் உண்டு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடிப்பாகத்தில் பூசும் வண்ணங்களிலும் பெரும்பாலும் தாமிரம் உண்டு. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கவே அது சேர்க்கப்படுகிறது என்றால், அளவு மீறிய தாமிரம் பாசிக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்த தாமிர உருக்காலை நான்கு தீவுகளிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் அமைந்திருந்ததை 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. சூழலை மாசுபடுத்தியதற்காக 100 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தது. 13 பேரின் உயிரைப் பறித்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2018இல் ஆலை மூடப்பட்டது. மீண்டும் திறக்க 2024இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வழக்கு முடியலாம். ஆனால் எந்த மூலத்திலிருந்து வந்திருந்தாலும், கடலடிச் சேற்றில் படிந்த உலோகம் எளிதில் போய்விடாது. புயலோ தூர்வாரும் கப்பலோ கலக்கும்போது மீண்டும் நீருக்கு வரக்கூடும்.

மன்னார் வளைகுடாப் பாசி நஞ்சு என்று இங்கே சொல்லவில்லை. வதந்தி பரவினால் முதலில் பிழைப்பை இழப்பவர்கள் அந்தப் பெண்களே. ஜப்பானியர் விரும்பி உண்ணும் ஹிஜிகி பாசியில் ஆர்சனிக் மிகுந்திருப்பதால் அதைத் தவிர்க்குமாறு 2004இல் பிரிட்டன் உணவுத் தர அமைப்பு மக்களுக்கு அறிவுறுத்தியது. 2018இல் ஐரோப்பிய ஆணையம் பாசிகளில் ஆர்சனிக், காட்மியம், காரீயம், பாதரசம் ஆகியவற்றை அளக்க உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஏற்றுமதிச் சந்தையை நம்பி முதலீடு செய்யும் நாம், நம் சரக்கு அங்கே திருப்பி அனுப்பப்படும் வரை காத்திருக்க வேண்டுமா?

நம்மிடம் ஆய்வு அமைப்பு இல்லாமல் இல்லை. கடலோர மாசைக் கண்காணிக்கும் மத்திய அரசின் திட்டம் 1990களின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. பாசியிலிருந்து தயாராகும் உயிர் ஊக்கிகளுக்கு 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே கன உலோக வரம்பு வகுக்கப்பட்டது. வயலுக்குத் தெளிப்பதற்குக் காட்டிய கவனம் பாசியைப் பறிக்கும் இடத்திலும் வேண்டும். 640 கோடியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பாசி கரையேறும் ஒவ்வோர் ஊரிலும் பருவத்துக்கு ஒருமுறை பாசியையே பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதி மீனவர் கூட்டுறவுச் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும். தாங்கள் பறிக்கும் பாசியில் என்ன இருக்கிறது என்பது தலைநகர அலுவலகங்களுக்குத் தெரியும் அதே நாளில் அந்தப் பெண்களுக்கும் தெரிந்தாக வேண்டும்.