தக்காளியும் செண்டுமல்லியும்

ஆசிரியருக்கு,

தக்காளி விலை ஏறினால் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். புழுவைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள். 2014-ல் இந்தியாவில் தென்பட்ட தென் அமெரிக்க ஊசிப்புழு, இலையின் இரு தோலுக்கும் நடுவே சுரங்கம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. மேலே அடிக்கும் மருந்து பல நேரம் அதைத் தொடுவதே இல்லை. கடைக்காரர் சொன்னார் என்று மூன்று மருந்தைக் கலந்து அடிப்பது காசுக்குத்தான் கேடு.

தக்காளியின் இன்னொரு எதிரியான காய்ப்புழுவுக்கோ வழி இருக்கிறது. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. தாய் அந்துப்பூச்சி பெரும்பாலும் அந்தப் பூவைத் தேடிப் போய் முட்டையிடும். ஆனால் 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒன்றாக நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும். நாற்றுப்பண்ணைக்காரர்கள் இரண்டையும் கணக்குப் பார்த்துச் சேர்த்தே விற்றால் என்ன?

— தக்காளி விவசாயி, ராயக்கோட்டை