கேஷ்... பணம் இல்லீங்க!

‘இன்டர்ன்ஷிப்ல என்னடா வேலை?’ன்னு அம்மா கேட்டாங்க. ‘கேஷ் பிரிச்சுக் கொடுக்கறேன்மா’ன்னேன். முகத்துல அப்படியொரு சந்தோஷம்! அது பணம் இல்ல, சர்வர்ல இருக்கற மெமரின்னு சொன்னதும் குழம்பு ஊத்தற கை அப்படியே நின்னுடுச்சு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ஃபேக்டரி. (பேர் வேணாமே... சர்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரல!) காலை 8.30 ஷிப்ட்டுக்கு கேட்ல விரல் வைக்கற மெஷின் முன்னாடி தினமும் க்யூ. ஒரு விரலுக்கு 7, 8 செகண்ட். 8.30-ஐத் தாண்டி ஒரு நிமிஷம் ஆனாலும் கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அரை மணி நேரச் சம்பளம் கட். கவரைப்பேட்டையிலேருந்து வர்ற ஒரு அக்கா, ‘நான் எட்டே காலுக்கே வந்துட்டேன் தம்பி, மெஷின்தான் லேட்டு’ன்னாங்க.

சிஸ்டம்ஸ் அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். ‘நீயே கண்டுபிடி தம்பி’ன்னு சர்வர் ரூம்ல ஒரு ஸ்டூலைப் போட்டுட்டார். ரெண்டு நாள் குளிர்ல நடுங்கினதுல விஷயம் சிக்கிச்சு. கரெக்டா 8 மணிக்கு சிசிடிவி வீடியோவை எல்லாம் காப்பி எடுக்கற வேலை ஆரம்பிக்குது!

அதனால என்ன? ஹைவேஸ்ல ஒரு டீக்கடையை நினைச்சுக்கோங்க. தினமும் வர்றவங்களுக்கு என்ன வேணும்னு மாஸ்டருக்குத் தெரியும், கேக்கறதுக்கு முன்னாடியே ரெடி. திடீர்னு ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நிக்குது. அறுபது பேர். அவங்க மறுபடி வரவே போறதில்ல. ஆனா அன்னிக்கு ரெகுலர் ஆளுங்களுக்கு உக்கார பெஞ்ச் கிடையாது. அந்த பஸ்தான் கேமரா ஃபைல். ஒரே ஒரு தடவை படிக்கப்படும், ஆனா கேஷ் முழுக்க உக்காந்துக்கும். அட்டெண்டன்ஸ் டேட்டா வெளியே துரத்தப்பட்டு, ஒவ்வொரு விரலுக்கும் டிஸ்க்ல போய்த் தேடணும். 7,200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்தவே 8 மில்லி செகண்டுக்கு மேல. இதுல அந்த டிஸ்க்கையே கேமரா காப்பி வேற ஆட்டி வைக்குது.

(கேஷ் ஐடியாவை 1965-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மாரிஸ் வில்க்ஸ் எழுதினார். அப்ப அதுக்குப் பேர் ‘ஸ்லேவ் மெமரி’. செமஸ்டருக்குப் படிச்சு, எழுதி, மறந்தே போன ஐட்டம்!)

எங்க ஸ்டோரேஜ் பெட்டியில மொத்தம் 8 ஜிபி கேஷ். மூணு குரூப்பா பிரிச்சோம். அட்டெண்டன்ஸுக்கு 3, வே பிரிட்ஜ், பில்லிங் ரெண்டுக்கும் சேர்த்து 4, கேமராவுக்கு 1. கேமரா எவ்வளவு ஆடினாலும் அந்த 1 ஜிபிக்குள்ளதான். காப்பி நேரத்தை ராத்திரிக்கு மாத்தினா போதாதான்னு கேக்கறீங்களா? அதையும் மாத்தியாச்சு. ஆனா பகல்ல செக்யூரிட்டி பழைய வீடியோ தேடுவாங்களே!

அடுத்த ஸ்கிரீன்தான் தூக்கி வாரிப் போட்டுச்சு. டேட்டா எழுதறதுக்கு ரெண்டு வழி. ‘ரைட் பேக்’னா கேஷுக்கு வந்ததுமே ‘எழுதியாச்சு’ன்னு சொல்லிடும், டிஸ்க்குக்கு அப்புறமா சாவகாசமா போகும். ‘ரைட் த்ரூ’ன்னா டிஸ்க்ல பதிஞ்சாதான் ஓகே. கரண்ட் போனா கேஷைக் காப்பாத்த ஒரு பேட்டரி உண்டு. எங்களுது செத்துப்போய் எத்தனை நாளாச்சோ! பேட்டரி செத்தா பெட்டி தானாவே ரைட் த்ரூவுக்கு மாறிக்கும். ஆனா இங்க யாரோ ‘பேட்டரி இல்லாட்டியும் ரைட் பேக்’னு டிக் அடிச்சு வெச்சிருந்தாங்க. வேகத்துக்காக!

அப்பதான் அண்ணனுக்கு ஞாபகம் வந்துச்சு. போன மாசம் யுபிஎஸ் ட்ரிப் ஆன அன்னிக்கு, விரல் வெச்ச சில பேர் ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட். ‘பொய் சொல்றாங்க’ன்னு சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க. அந்த அக்காவும் அதுல ஒருத்தர்.

அட்டெண்டன்ஸ் குரூப்பை ரைட் த்ரூவா மாத்தினோம். ஒரு பஞ்சுக்கு சில மில்லி செகண்ட் கூடும், கூடட்டுமே! அப்புறம் அந்தத் தேதி கேட் வீடியோவைத் தேடினோம். 8.14-க்கு அக்கா விரல் வைக்கறது தெளிவா தெரியுது. அதை எச்.ஆருக்கு அனுப்பியிருக்கோம்.

வீடியோ ஓடிட்டிருந்தப்பவே கேட்ல மதிய ஷிப்ட் உள்ளே வந்துச்சு. க்யூ நிக்கல.