வலி நின்றால் போதுமா?

கிள்ளானில் பள்ளிப் பூப்பந்துப் பயிற்சியின்போது என் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பாட்டி எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார். பத்து நாளில் வலி போனது. மறுநாளே ஆடப் போனேன். அதே கால் மீண்டும் பிசகியது.

பிரிக்பீல்ட்ஸில் நான் பார்த்த இயன்முறை சிகிச்சையாளர், ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். ஐந்து விநாடிகூடத் தாங்கவில்லை. சுளுக்கில் தசைநார் மட்டும் காயமடைவதில்லை. பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்குகிறது. அதை மீட்க ஓய்வும் தைலமும் போதாது, பயிற்சி வேண்டும்.

“லீ சோங் வெய் சீக்கிரமே திரும்பவில்லையா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். 2012 மே மாதம் தாமஸ் கிண்ணப் போட்டியில் கணுக்கால் தசைநார் காயமடைந்தவர், ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். ஆனால், அவர் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றுத் திரும்பினார். நாமோ வலி போகும்வரை காத்திருப்பதோடு சரி.

மாணவர்களே, முதல் இரண்டு மூன்று நாள் காலை உயர்த்தி வையுங்கள். அழுத்தி உருவ வேண்டாம். நான்கு அடி நடக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சென்று எக்ஸ்ரே பாருங்கள். வீக்கம் தணியத் தணியப் பாதத்தை அசையுங்கள். பிறகு குதிகாலை உயர்த்திப் பழகுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். சில வாரங்களாவது விடாமல் செய்யுங்கள்.

பள்ளிப் பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலிக்கிறதா என்று கேட்பதோடு விடாமல், ஒற்றைக் காலில் நின்று, குதித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த வாரப் போட்டியைவிட, ஆயுள் முழுக்க நடக்கவேண்டிய கால் பெரிது.