வால் எலும்பும் அரசியல்தான்

ஏழாம் மாதம். வங்கியில் காசாளர் கவுண்டரிலிருந்து எழுந்தபோது, உட்காரும் இடத்தில் ஆணி இறங்கியது மாதிரி வலி. கத்திவிட்டேன். 'என்னம்மா?' என்று மேலாளர் ஓடிவந்தார். எந்த இடம் என்று சொல்ல வாய் வரவில்லை. 'முதுகுவலி சார்' என்று சமாளித்தேன்.

அது வால் எலும்பு வலி. முதுகுத்தண்டின் கடைசித் துண்டு எலும்பில் வருவது. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் பிரசவத்துக்காக இடுப்பு மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னே தள்ள, உட்காரும் வாகு மாறிப் பாரம் பின்னே இறங்குகிறது.

அம்மாவிடம் சொன்னேன். 'ஏண்டி, ஃபேனுக்கு அடியில உக்காந்து வேல பாக்குற, இதுக்கே இப்படியா? நாங்கள்லாம் நெறமாசத்துல நடவு நட்டவங்க' என்றது. நம் மேடைகளிலும் இதே பேச்சுதான். உழைக்கும் பெண்ணின் உரம் என்று நானும் கவிதை எழுதியிருக்கிறேன்.

அன்று ராத்திரி ஒத்தடம் கொடுத்தபடியே அம்மா சொன்னது: 'வலிக்காமயா இருந்துச்சு? குனிஞ்சா நிமிர முடியாது. வரப்புல செத்த உக்காந்தா ஆண்டை கூலியப் புடிச்சிக்குவான். யாருகிட்ட போயி சொல்றது?'

சொல்ல ஆளில்லாமல் விழுங்கிய வலியை வீரம் என்று பாடியிருக்கிறோம். வெட்கமாக இருந்தது.

தோழர்களே, யார் எங்கே உட்காரலாம் என்று ஊர் போட்ட சட்டத்துக்குப் பெயர்தானே சாதி? திண்ணையில் உட்காரக் கூடாது, டீக்கடை பெஞ்சில் உட்காரக் கூடாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. நாற்காலிக்காகப் போராடுகிற நாம், உட்காரவே முடியாமல் தவிக்கிற உடம்பை மட்டும் 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுக்குவது என்ன நியாயம்?

அண்ணல் அப்படி ஒதுக்கவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களின் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமானது. நாடு முழுமைக்குமான 1961ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றானது. எனக்கு அது உண்டு. கடைகளில் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. நாற்று நடுகிற என் சித்தி மகளுக்கு விடுப்பும் இல்லை, இருக்கையும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், பணமும் பொருளுமாக வரும். அது உதவித்தொகை. உட்காருகிற நாளுக்குக் கூலி ஆகாது.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன், தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலடி நடக்கணும். சாய்ந்து சரியாமல் சற்று முன்குனிந்து உட்காரணும். பின்பக்கம் வெட்டுவிட்ட திண்டு கடையில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பழைய புடவையைச் சுருட்டி இரண்டு தொடைக்கும் அடியில் வைத்து, எலும்பு தரையில் படாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை. இளஞ்சூட்டில் ஒத்தடம். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகினால் வலி கூடும். தண்ணீர், கீரை, பழம் சேர்க்கணும். மருந்துக்கடையில் கேட்டு வலிமாத்திரை போடக் கூடாது. உதிரம் பட்டாலோ, விட்டுவிட்டு வலித்தாலோ, கால் மரத்தாலோ, மூத்திரம் அடக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

இதையெல்லாம் செய்ய நேரமும் இடமும் வேண்டும். அரைமணிக்கு ஒருதரம் நிமிர வயலில் யார் விடுவார்கள்? விவசாயக் கூலிப் பெண்ணுக்குக் கூலியோடு பேறுகால விடுப்பு என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த கூட்டத்தில் நிறைமாதப் பெண் மணல் தரையில் உட்கார்ந்திருந்தால், மேடையில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் நாற்காலியை இறக்கிக் கொடுக்கட்டும்.