இரவல் தொப்பி

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டிக்காகக் காத்திருந்தபோது, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காலத்தில் ஜெய்சங்கர் குதிரையில் வருவார், பழி வாங்குவார், போய்விடுவார். மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இப்போது பழிவாங்கும் படமென்றால் ஒரே இருட்டு, ஒரே அழுகை. நல்லவன் யாரென்றே புரியவில்லை. இதெல்லாம் எதற்கு, தம்பி?"

எதற்கென்று சொல்கிறேன், பெரியவரே.

கர்ணன் டைரக்ட் செய்த 'கங்கா' 1972-இல் வந்தது. பிற்பாடு டெலிவிஷனில் பார்த்து நானும் ரசித்தவன்தான். ஆனால் தொப்பியையும் துப்பாக்கியையும் அமெரிக்காவிலிருந்து இரவல் வாங்கிய நாம், தொப்பிக்கு அடியிலிருந்த பொய்யையும் சேர்த்தே வாங்கிவிட்டோம். பூர்வகுடிகளிடம் பறித்த நிலத்துக்கு அங்கே வீர பூமி என்று பெயர். சுட்டவன் வீரன், செத்தவன் அயோக்கியன். சுட்ட கை மட்டும் நடுங்குவதே கிடையாது.

அந்த வேஷத்திலேயே புகழ் பெற்ற கிளிண்ட் ஈஸ்ட்வுட்தான் 1992-இல் 'அன்ஃபர்கிவன்' எடுத்தார். அதில் சூரன்போல் ஜம்பமடிக்கும் ஒரு பையன், முதல் கொலையைச் செய்துவிட்டு விஸ்கியைக் குடித்துக்கொண்டே அழுகிறான். போகட்டும். என்னைக் குத்தியது இன்னொருவன்: துப்பாக்கிக்காரர்களின் பிரதாபத்தை எழுதிப் பிழைக்கும் எழுத்தாளன்! அவன் வர்ணித்த வீரச் சண்டை, குடிவெறியில் நடந்த கேவலமான கொலை என்று ஷெரீப் பிட்டுப் பிட்டு வைக்கிறார். வெட்கப்பட்டுப் பேனாவை மூடினானா? இல்லை, ஷெரீப்பின் பிரதாபத்தை எழுத உட்கார்ந்துவிட்டான்.

நானும் அவன் வர்க்கம்தான். தொடர்கதைகளில் எத்தனை அரிவாள் மீசைக்காரர்களை உலவ விட்டிருக்கிறேன்! வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். வெட்டுப்பட்டவன் வீட்டில் மறுநாள் உலை வைத்தது யார் என்று நான் ஒரு வரி எழுதியதில்லை.

பூமணி எழுதினார். 1982-இல் வந்த 'வெக்கை'யில், நிலத்தகராறில் அண்ணனைக் கொன்றவனைத் தீர்த்துவிட்ட சிறுவன், தகப்பனோடு காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறான். வெற்றி முழக்கம் எங்கே? சோறும் தண்ணீரும் தேடும் கவலைதான் பக்கத்துக்குப் பக்கம்.

அது 2019-இல் 'அசுரன்' என்று திரைக்கு வந்தது. அதுவரை பணிந்து பணிந்து போன தகப்பன் ஆயுதத்தைக் கையிலெடுத்தான். நீங்கள் கேட்ட குளிர்ச்சி அங்கேயும் கிடைத்தது, பெரியவரே. கொட்டகை முழுக்க விசில். நானும் கை தட்டினேன்.