பிள்ளைகள் வெளியே விளையாடட்டும்

நெடுநாள் நோயுள்ள குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். புறநோயாளிகள் பிரிவில் என் பேரனுடன் காத்திருக்கும் வேளைகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 72 வயதாகும் எனக்கு இதில் உடன்பாடில்லை.

நான் வளர்ந்தது பொதிகை மலையடிவாரத்திலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில். பஞ்சாலைச் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். பள்ளி விட்டதும் பையை எறிந்துவிட்டு ஓடினால், இருட்டும் வரையில் எங்கே போனாய் என்று கேட்பார் இல்லை. கிட்டிப்புள், பம்பரம், கோலி. ஆனி ஆடியில் சாரல் விழுந்தால் நனைந்துகொண்டே தாமிரபரணிப் படித்துறைக்கு நடை. சண்டையை நாங்களே மூட்டினோம். சமாதானத்தையும் நாங்களே செய்துகொண்டோம்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆற்றில் சுழல் இருந்தது. இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய தோழர்கள் எங்கள் வகுப்பிலேயே இருவர். என் அக்காவுக்கோ அந்தச் சுதந்திரம் 12 வயதோடு முடிந்துபோயிற்று. ஆனால் எங்களை யாரும் கவனியாமல் விட்டுவிடவில்லை. எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பது பெட்டிக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும். துணி துவைக்கும் ஆச்சி, ஆழத்தை நோக்கி ஒருவன் நகர்ந்தால் பெயர் சொல்லி அதட்டுவாள். எங்கள் சுதந்திரத்தைத் தாங்கி நின்றவை அந்தக் கண்கள். இன்று தெருவில் வண்டிகள் பெருகிவிட்டன. அந்தக் கண்கள் அருகிவிட்டன.

என் பேரனுக்கு 9 வயது, ஆஸ்துமா உண்டு. ஓடாதே, வியர்க்காதே, பந்தைத் தொடாதே என்று உறவினர் ஒவ்வொருவரும் ஒரு தடை சொன்னார்கள். மருத்துவர் சொன்னதோ வேறு. தடுப்பு மருந்தை நாள்தோறும் ஒழுங்காக உள்ளிழுத்து, நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளை மற்றவர்களைப் போலவே ஓடியாடலாம். தொடக்கத்தில் மெதுவாக ஓடி உடலைப் பழக்க வேண்டும். உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர் அருகில் இருக்க வேண்டும். அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஏமி வான் டைக்கன் ஆஸ்துமா உடையவர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் 4 தங்கப் பதக்கங்கள் வென்றார்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது என்பதால், தைவான் பள்ளிகளில் நாளுக்கு 120 நிமிடங்கள் வெளியில் இருக்கச் செய்யும் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது.

பயிற்சி வகுப்பில் சேர்த்திருக்கிறோமே என்பர் சிலர். நல்லதுதான், ஆயினும் அங்கே விசில் பெரியவர் கையில் இருக்கிறது. எப்போது நிற்பது, எப்போது இளைப்பாறுவது என்பதைத் தன் மூச்சைக் கேட்டுத் தானே அறிய வேண்டியவன் நோயுள்ள பிள்ளை. நாம் எந்நேரமும் உடன் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் அவன் அதை எங்கே கற்பான்?

எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. இதய நோயுள்ள பிள்ளைக்கும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைக்கும் அளவு வேறு. அதை மருத்துவரே சொல்ல வேண்டும். எதைச் செய்யக்கூடாது என்று கேட்கும் நாம், எதையெல்லாம் செய்யலாம் என்றும் அவரிடம் கேட்கலாம்.

எங்கள் குடியிருப்பில் மாலை 5 மணி முதல் 6 மணி வரை முதியவர்கள் நால்வர் முறைவைத்துக் கீழே அமர்கிறோம். ஆட்டத்தில் தலையிடுவதில்லை. இன்ஹேலர் பேரனின் கால்சட்டைப் பையில் இருக்கும். அதைப் பயன்படுத்தும் முறையை மற்ற மூவரும் அறிவர். சென்ற வாரம் ஆட்டத்தின் நடுவே அவனே ஒதுங்கி அமர்ந்து மருந்தை இழுத்தான். மூச்சு முற்றிலும் சீரான பின்னரே எழுந்தான். மருந்து தேவைப்பட்ட நாட்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.