எஸ்.எஸ்.டி. தெரிந்து வாங்கல்

இக்காலத்து மாணவர்க்குக் கணினியானது, முன்னோர்க்கு ஏடும் எழுத்தாணியும் போல இன்றியமையாத கருவியாயிற்று. ஆயினும், நல்லதோர் எழுதுகோலைப் பத்து முறை எழுதிப் பார்த்து வாங்கும் நாம், ஓராண்டு உழைப்பு முழுவதையும் தன்னகத்தே வைத்துக் காக்கும் உறுப்பை, விளம்பரத்தில் கண்ட பெரிய எண்ணொன்றை நம்பி ஒரு நொடியில் வாங்கிவிடுகின்றோம். அவ்வுறுப்பே எஸ்.எஸ்.டி. என வழங்கப்பெறும் சேமிப்புக் கருவியாகும். அதனைத் தெரிந்தெடுக்கும் முறைபற்றி எமது கருத்தை இங்கே சுருங்கக் கூறுவோம்.

சங்கரன்கோவில், புளியங்குடி, கழுகுமலை முதலிய ஊர்களினின்றும் கல்லூரி புகும் மாணவரிற் பலர் புதிய கணினி வாங்கும் வசதியுடையரல்லர். தமிழக அரசினர் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எத்தனையோ இல்லங்களில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. அண்ணன் பயின்ற பொறியைத் தம்பியும், அக்காள் பயின்றதைத் தங்கையும் கையாளுதல் இன்றும் உண்டு. அப்பழைய பொறிகள் திறக்கக் கால்மணி நேரம் பிடிக்கின்றன. ஆதலின், "இது கெட்டுவிட்டது, புதியது வேண்டும்" எனப் பிள்ளைகள் கேட்கப் பெற்றோர் கடன்படுகின்றனர். பெரும்பாலும் கெட்டது பொறியன்று. அதனுள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க் என்னும் சுழல்வட்டின் மந்தமே அதற்குக் காரணம் என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

சுழல்வட்டின் வரலாறு 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ராமாக் என்னும் பொறியோடு தொடங்குகின்றது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்களை உடையதாயிருந்த அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றிரண்டிற்கே அஃது ஒப்பாகும். பின்னர் வட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருகிற்று, ஆயினும் செயல்முறை மாறவில்லை. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு கை நகர்ந்து சென்று, வேண்டிய இடம் சுழன்று வருமளவும் காத்திருந்து, படித்தல் வேண்டும். இவ்வாறு விநாடிக்கு எழுபது எண்பது இடங்களையே அது தேடி எடுக்கவல்லது. கணினி திறக்குங்காலத்திலோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களை அது தேட வேண்டியிருக்கின்றது. சங்கரன்கோவில் விசைத்தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்தவர்க்கு இதனை விளக்கல் எளிது: தறி எத்துணை விரைவாயினும், ஊடை நூல் வந்து சேராவிடில் நின்றுதானே ஆகவேண்டும்?

நிற்க. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதோ நகர்வதோ ஒன்றுமில்லை. ஜப்பான் நாட்டுத் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்பவர் 1987-ஆம் ஆண்டில் அறிவித்த நாண்ட் வகை ஃபிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. மின்னணுக்களை நுண்ணிய அறைகளிற் சிறைப்படுத்தி வைத்தலால், மின்சாரம் நின்ற பின்னரும் எழுதியது நிற்கின்றது. வேண்டிய இடத்தை அடைய ஒரு மில்லி விநாடியிற் பத்திலொரு பங்கே போதும். ஆதலின், பழைய மடிக்கணினியின் சுழல்வட்டைக் கழற்றி, அவ்விடத்தில் எளிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவோமாயின், அப்பொறி மறுபிறப்பெடுத்தது போல இயங்கக் காணலாம். விண்டோஸ் 10-க்குரிய பொதுப் பாதுகாப்பு உதவி 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றமையாலும், பழைய பொறிகளிற் பல விண்டோஸ் 11-ஐ ஏலாமையாலும், அவற்றில் லினக்ஸ் நிறுவிக்கொள்ளுதல் நன்று. நினைவகம் இரண்டு ஜி.பி. மட்டுமே உள்ள பொறிக்கு எஸ்.எஸ்.டி. மட்டும் முழு மருந்தாகாது என்பதையும் மறத்தலாகாது.

இனி, எதனை வாங்குவது என்னும் வினா எழுகின்றது. சாட்டா வகை விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. அளவு படிக்கவல்லது, என்.வி.எம்.ஈ. வகையோ 3,500 முதல் 7,000 எம்.பி. வரையிலும், அதற்கு மேலும் படிக்கும் என்பர். "பதின்மடங்கு விரைவுடையதை விடுத்து வேறொன்றை வாங்குவது பேதைமையன்றோ?" எனச் சிலர் வினவுவர். பெருந்திரைப்படங்களைத் தொகுப்பார்க்கு அவர் கூற்று முற்றிலும் பொருந்தும். கட்டுரை எழுதுதல், நிரல் பயிலுதல், பாடங்களைக் காணுதல் ஆகியவற்றிலோ சிறு கோப்புக்களைத் தேடும் விரைவே வேண்டப்படுவது. அதில் இரு வகைக்கும் உள்ள வேற்றுமை ஒன்றிரண்டு விநாடிகளில் அடங்கிவிடும். அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்ட பேரெண் பெருங்கோப்பொன்றைத் தொடர்ந்து படிக்கும் நிலையை மட்டுமே குறிக்கும்.

மேலும், பொறி ஏற்பது எதுவோ அதுவே வாங்கத்தக்கது. பத்தாண்டுக்கு முற்பட்ட மடிக்கணினிகளிற் பெரும்பாலானவை இரண்டரை அங்குலச் சாட்டா வகையையே ஏற்கும். எம்.2 என்னும் சிறு பலகை வடிவினுள்ளும் சாட்டா, என்.வி.எம்.ஈ. என இருவகை உண்டு. தோற்றத்தில் ஒத்திருப்பினும், சில பொறிகள் அவற்றுள் ஒன்றையே ஏற்கும். கடைக்குச் செல்லுமுன் தம் பொறியின் கையேட்டைப் பார்த்துச் செல்பவர் இரட்டைச் செலவினின்றும் தப்புவர்.

ஆயுள்பற்றிய அச்சமும் சிலர்க்குண்டு. ஃபிளாஷ் அறைகள் எழுத எழுதத் தேயுமென்பது உண்மையே. ஓர் அறையில் மூன்று துணுக்குகளை வைக்கும் டி.எல்.சி. வகையினும், நான்கு வைக்கும் கியூ.எல்.சி. வகை விரைவில் தேயும். பெருங்கோப்புக்களைத் தொடர்ந்து எழுதுங்கால் மந்தமுமாகும். எனவே விலை வேற்றுமை சிறிதாயின் டி.எல்.சி.யே தக்கது. எத்துணை எழுதலாம் என்பதை உற்பத்தியாளர் டி.பி.டபிள்யூ. என்னும் அளவாற் குறிப்பர். 500 ஜி.பி. கொள்ளளவுள்ள கருவிக்கு 150 டி.பி. எனக் குறித்திருப்பின், நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினும் அவ்வளவை எட்ட இருபது ஆண்டு செல்லும். ஆகவே மாணவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. 500 ஜி.பி. என்று வாங்கியது விண்டோஸ் திரையில் 465 எனத் தோன்றுதலும் வஞ்சகமன்று. ஆயிரத்தாற் பெருக்குவதற்கும் 1,024-ஆற் பெருக்குவதற்கும் உள்ள வேறுபாடே அது.

மெய்யான வஞ்சகம் வேறொன்றுண்டு. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவை பெருகியமையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறலாயிற்று. விலையேறுங் காலத்தே மலிவின் ஆசை மிகும். ஆசை மிகுமிடத்துப் போலியும் மிகும். சிறிய சில்லொன்றை வைத்து, அது இரண்டு டி.பி. உடையதெனக் கணினிக்குப் பொய் கூறும்படி அமைத்து விற்பாருளர். அக்கருவி எழுதுவனவற்றையெல்லாம் ஏற்பதுபோற் காட்டும். அளவு கடந்தபின் பழையவற்றை அழித்தே புதியவற்றை எழுதும். உரியவன் அதனை அறியும் நாள் பெரும்பாலும் தேர்வுக்கு முந்திய நாளாகவே இருக்கும். ஆதலின் மிக மலிவானதை விலக்குக; மூன்றாண்டேனும் உத்தரவாதமுள்ளதை விற்பனைச் சீட்டுடன் வாங்குக; வாங்கிய அன்றே, எஃப்3 போன்ற இலவச நிரலால் முழுக்கொள்ளளவும் எழுதிப் படித்துச் சோதிக்குக.

இவையனைத்தினும் முதன்மையானதொன்றை இறுதியிற் கூறுகின்றோம். எஸ்.எஸ்.டி. எத்துணைச் சிறந்ததாயினும், அஃதொன்றையே நம்புதல் தகாது. சுழல்வட்டு கெடுமுன் பெரும்பாலும் ஓசையால் அறிவிக்கும். இதுவோ முன்னறிவிப்பின்றி ஒருநாள் வாய்மூடிவிடும். பாட்டரி செத்த மடிக்கணினியில், எழுதிக்கொண்டிருக்கையில் மின்தடை நேரின், கோப்புச் சிதைதலும் கூடும். தேய்ந்த கருவியை மின்சாரமின்றி நெடுநாள் வைத்திருந்தால் அதிலுள்ளவை மங்கும். வெப்பமுள்ள இடத்தில் அது மேலும் விரையும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலைப்பற்றி யாம் சொல்ல வேண்டுவதில்லை.

உ. வே. சாமிநாதையரவர்கள் திருநெல்வேலிச் சீமையிலும் ஊரூராகச் சென்று ஏட்டுச்சுவடிகளைத் தேடினார்கள். பனையோலை அழியுந்தன்மையது, எனினும் பழந்தமிழ் நூல்கள் அவர்கள் கைக்கு எட்டியதற்குக் காரணம், முன்னோர் அவற்றைக் கைசலியாது படியெடுத்து வைத்தமையேயாம். அம்முறை இன்றும் மாறிற்றிலது. கழற்றிய பழைய சுழல்வட்டை எறிந்துவிடாமல், ஸ்மார்ட் என்னும் தற்சோதனையிற் பழுதற்றதாகத் தோன்றின், சிறிய யு.எஸ்.பி. உறையிலிட்டு வாரந்தோறும் அதில் ஒரு படி எடுத்து வைக்க. பெருவிரைவுக் கருவிக்குச் செலவிட எண்ணிய மிகுதிப் பணம் அவ்வுறைக்கும், புதிய பாட்டரிக்கும் செல்லுமாயின், அதுவே நன்முறையிற் செலவிட்டதாகும்.

எம் கல்லூரிக் கணினித் துறையார் ஆண்டிற்கொரு நாள் குறித்து, இளைய மாணவர்தம் பழைய பொறிகளை ஆராய்ந்து, எது பொருந்துமெனக் கூறி, பொருத்தியும் கொடுப்பாராயின், அது பாடத்தினும் சிறந்த பாடமாகும். பழைய மாணவர்களும், தாம் ஒதுக்கிய மடிக்கணினிகளை, அவற்றிலுள்ள தம் விவரங்களை முற்றும் அழித்தபின், அந்நாளிற் கல்லூரிக்கு அளிக்கலாம். தறி முன் நின்று உழைக்கும் பெற்றோர் ஒரு கடன் குறைந்து மூச்சு விடுவதற்கு அவ்வொரு நாள் உதவுமாயின், அதனினும் பெரும்பயன் வேறுண்டோ?